ஓர் ஆர்டரை ஐந்து பேர் சேர்ந்து முடிவு செய்ய என்ன மென்பொருள் வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் 72 தையல் மெஷின் வைத்துப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஒரு ஆர்டரை எடுப்பதா வேண்டாமா என்பதை மெர்ச்சண்டைசர் (வாங்கும் நிறுவனமான பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்), உற்பத்தி மேலாளர், கொள்முதல், கணக்கு, தரக்கட்டுப்பாடு என ஐந்து பேரும் முதலாளியும் கலந்து பேசித்தான் முடிவு செய்கிறோம். பேச்சு பாதி வாட்ஸ்அப்பில், பாதி மீட்டிங்கில். ஷிப்மென்ட் தள்ளிப்போனால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள். கூட்டாக முடிவெடுப்பதற்கென்றே மென்பொருள் இருக்கிறதாமே, எதை வாங்கலாம்?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஆறு பேருக்கு கூகுள் ஒர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 போதும். இரண்டில் ஒன்றுக்கு நீங்கள் ஏற்கெனவே மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். மதிப்பீடு சொல்வது, விவாதிப்பது, முடிவெடுப்பது, எடுத்ததை எழுதி வைப்பது என்ற நான்கு வேலைகளும் உங்களிடம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. சிக்கல் அங்கேதான். அந்த நான்கையும் தனித்தனி இடத்தில் வைக்கத்தான் கணினி வேண்டும். கீழே சொல்வது கூகுளை வைத்து. மைக்ரோசாஃப்ட்டிலும் இதே வேலையை ஃபார்ம்ஸ், எக்செல், டீம்ஸ் மூன்றும் செய்யும்.

நீங்கள் கேள்விப்பட்ட "கூட்டு முடிவு மென்பொருள்" பழைய சரக்குதான். 1980-களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். ஆளுக்கொரு கணினி, எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம், யார் எழுதியது என்ற பெயர் திரையில் வராது. ஐ.பி.எம். போன்ற நிறுவனங்களும் பிறகு அதைப் பயன்படுத்தின. ஏன் இப்படிச் செய்தார்கள்? வாயால் பேசும் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதே சொல்ல நினைத்தது மறந்துபோகும், அல்லது "அவர் சொன்னதற்குப் பிறகு இது எதற்கு" என்று விழுங்கிவிடுவார்கள். டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் 1987-ல் இதைச் சோதனை வைத்தே காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1950-களில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் டெல்ஃபை என்ற முறையைக் கொண்டுவந்திருந்தது. நிபுணர்களிடம் தனித்தனியாக எண்ணை வாங்கு, தொகுத்த விடையைத் திருப்பிக் காட்டு, மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடு. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு யோசனைகள்தான். இரண்டையும் ஒரு கூகுள் ஃபார்மில் செய்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் ஏன் முடியாது என்றால், முதலாளி முதலில் "பண்ணிடலாம்ல?" என்று போட்டுவிடுவார். அதற்குக் கீழே விழும் நாலு கட்டைவிரலும் மதிப்பீடு ஆகாது, மரியாதை. குழுவில் கருத்துக்கணிப்பு வைத்தாலும் யார் எதற்கு வாக்களித்தார் என்று பொதுவாக எல்லோருக்கும் தெரிந்துவிடும். அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம், இரண்டு நாள் கழித்துக்கூட எல்லோருக்கும் சேர்த்து அழிக்கலாம். தகராறு வரும்போது ஆதாரமாக நிற்காத இடத்தில் முடிவை வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பை "ஃபார்ம் அனுப்பியிருக்கிறேன், மாலை நாலு மணிக்குள் போடுங்கள்" என்று தட்டி எழுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அதை மிஞ்ச ஆளில்லை.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 60,000 உருப்படி, வட்டக் கழுத்து அரைக்கை டி-ஷர்ட், சதுர மீட்டருக்கு 160 கிராம் (ஜி.எஸ்.எம்.) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி, 3 கலர், நெஞ்சில் பிரின்ட். விலை உருப்படிக்கு ₹230. பி.ஓ. (கொள்முதல் ஆணை) வந்த நாளிலிருந்து 70-ஆம் நாள் சரக்கு தூத்துக்குடியில் இருக்க வேண்டும்.

கேள்வியைச் சரியாக எழுதுவது

"இந்த ஆர்டர் எடுக்கலாமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைதான் வரும், இரண்டுக்கும் பின்னால் கட்சி சேரும். அப்படிக் கேட்காமல் வழிகளை எழுதுங்கள்: (அ) சொன்னபடியே எடுப்பது, (ஆ) 40,000 மட்டும் 70 நாளில், மீதி 20,000 மூன்று வாரம் கழித்து, (இ) 80 நாள் கேட்பது, (ஈ) தையலில் ஒரு பகுதியை வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பது, (உ) விடுவது. மூன்றுக்குக் குறையாமல், ஐந்துக்கு மிகாமல் இருந்தால் நல்லது. இதை மெர்ச்சண்டைசர் எழுதட்டும். ஆனால் ஃபார்ம் போவதற்கு முன்னால் மற்றவர்கள் ஒரு வழியைச் சேர்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள். நல்ல வழி பெரும்பாலும் உற்பத்தி மேலாளரிடமிருந்துதான் வரும், கேட்டால்.

ஃபார்ம்

ஒவ்வொருவருக்கும் அவர் துறையின் எண்ணைக் கேட்கும் ஒரே ஃபார்ம். ஆனால் முக்கியமான இரண்டு மூன்று எண்களை எல்லோரிடமும் கேளுங்கள், துறை பார்க்காமல். டையிங் (சாயமிடுதல்) எத்தனை நாள், தையல் எஃபிஷியன்சி (கணக்குப்படி வரவேண்டியதில் உண்மையில் வரும் பங்கு) எவ்வளவு, பையர் லேப் டிப் (மாதிரிக்குச் சாயமிட்ட துண்டுத் துணி) ஒப்புதல் தர எத்தனை நாள் எடுப்பார். கணக்காளருக்கு டையிங் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கலாம். போன ஆறு ஆர்டரில் டையிங் பில் எந்தத் தேதியில் வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கட்டம்: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கமாக, கெட்டுப்போனால். டையிங்குக்கு ஒருவர் 10, 12, 20 நாள் என்று போட்டால் குறைந்ததையும், வழக்கமானதன் நான்கு மடங்கையும், அதிகமானதையும் கூட்டி ஆறால் வகுத்தால் 13. இது பெர்ட் என்ற திட்டமிடல் முறையின் பழைய சூத்திரம். 13-ஐவிட அந்த 20-தான் உபயோகமானது. அதன் பக்கத்தில் "இது எப்போது நடக்கும்?" என்று ஒரு வரி கேளுங்கள். "நேவி கலர் ஷேடு அடிபட்டு மறு டையிங் போனால்" என்று விடை வரும். அப்போதுதான் மூன்று கலரில் நேவியை முதலில் டையிங் அனுப்ப வேண்டும் என்பது யாருக்காவது தோன்றும்.

ஃபார்மின் செட்டிங்கில் மூன்றைப் பாருங்கள். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பது ஆன். ஒருவருக்கு ஒரு பதில் மட்டும் ஆன். விடைகளின் சுருக்கத்தைப் பதிலளித்தவருக்குக் காட்டும் வசதி ஆஃப். மூன்றாவதை விட்டால் முதலில் போட்டவரின் எண்ணைப் பார்த்துத்தான் அடுத்தவர் போடுவார், பழையபடி வாட்ஸ்அப் கதைதான். விடைகள் விழும் ஷீட்டையும் நேரம் முடியும்வரை ஒருவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். அந்த ஒருவர் முதலாளியாக இருக்கக் கூடாது. முதலாளியும் அதே ஃபார்மில் தன் எண்ணைப் போட வேண்டும், அதுவும் கடைசியாக.

பெயர் மறைக்க வேண்டுமா? ஆறு பேருக்குள் எண்ணைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடும், எனவே எண்களுக்குப் பெயர் இருக்கட்டும். "இந்த ஆர்டரில் எனக்குள்ள பயம்" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் மின்னஞ்சல் சேகரிக்காத தனி ஃபார்ம் வையுங்கள். "இந்த பையர் போன தடவை இன்ஸ்பெக்‌ஷனில் இழுத்தடித்தார்" என்பது அங்கேதான் வரும். முதலாளியின் சொந்தக்காரர் கொண்டுவந்த பையர் என்றால் சொல்லவே வேண்டாம்.

எண்கள் பேசும் இடம்

நூல் கணக்கில் வழக்கமாக நடக்கும் ஒரு தப்பை இங்கேயே காட்டிவிடலாம். உருப்படிக்கு 0.19 கிலோ துணி. 3% கூடுதல் கட்டிங் சேர்த்து 61,800 உருப்படி. வேண்டிய துணி 11,742 கிலோ. நிட்டிங், டையிங் இரண்டிலும் சேர்த்து 8% இழப்பு. மெர்ச்சண்டைசர் 11,742-ஓடு 8% கூட்டி 12,681 கிலோ நூல் என்பார். கொள்முதல் 11,742-ஐ 0.92-ஆல் வகுத்து 12,763 கிலோ என்பார். கொள்முதல் சொல்வதுதான் சரி, ஏனென்றால் இழப்பு நூலின் எடையில் 8%, துணியின் எடையில் அல்ல. வித்தியாசம் 82 கிலோ. துணியாகப் பார்த்தால் ஏறத்தாழ 400 உருப்படி. இரண்டு பேரும் அவரவர் எக்செல்லில் போட்டுக்கொண்டிருந்தால் இந்த 400 உருப்படி கட்டிங் டேபிளில்தான் தெரியவரும். அப்போது அதே லாட் நூல் கிடைக்காது, கிடைத்தாலும் ஷேடு சேராது. சூத்திரம் ஒரே ஷீட்டில் ஒரே ஒரு செல்லில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தையலுக்கு வருவோம். எஸ்.ஏ.எம். (ஓர் உருப்படி தைக்கக் கணக்குப்படி ஆகும் நேரம்) 7.5 நிமிடம், 72 பேர், 480 நிமிட ஷிப்ட். எஃபிஷியன்சி 60% என்றால் நாளுக்கு 2,764 உருப்படி, 61,800-க்கு 23 நாள். 50% என்றால் நாளுக்கு 2,304, அதாவது 27 நாள். 35-ஆம் நாள் தையல் தொடங்குகிறது, ஞாயிறு விடுமுறை என்று வைத்தால் முதல் கணக்கில் 60 அல்லது 61-ஆம் நாள் தையல் முடியும். இரண்டாவதில் 65 அல்லது 66. கடைசித் தையலுக்குப் பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங், இன்ஸ்பெக்‌ஷன், வண்டி எல்லாம் சேர்த்து 4 நாள். 60% என்று நம்புகிறவருக்குக் கையில் ஐந்தாறு நாள் இருக்கிறது. 50% என்று நம்புகிறவருக்கு மிஞ்சினால் ஒரு நாள், அதுவும் இல்லாமல் போகலாம். இரண்டு பேரும் ஒரே மீட்டிங்கில் உட்கார்ந்து "டைட்டா இருக்கு, ஆனா முடிச்சிடலாம்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேரும் வெவ்வேறு தேதியை வைத்திருக்கிறார்கள் என்பது எண்ணாக எழுதினால்தான் வெளியே வரும்.

இதில் தீபாவளி குறுக்கே வந்தால் கணக்கே வேறு. வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் பண்டிகையோடு திரும்ப மாட்டார்கள். லைன் பழைய நிலைக்கு வர மேலும் சில நாள் ஆகும். ஷீட்டில் விடுமுறைப் பட்டியலுக்கு ஒரு தனித் தாள் வைத்து, அரசு விடுமுறையை விட்டுவிட்டு உங்கள் கம்பெனியில் போன ஆண்டு உண்மையில் ஆள் வராத நாட்களை அதில் போடுங்கள். வேலை நாட்களை எண்ணும் நெட்ஒர்க்டேஸ் ஃபங்ஷன் சனி, ஞாயிறு இரண்டையும் கழித்துவிடும். ஆறு நாள் வேலை செய்யும் நமக்கு நெட்ஒர்க்டேஸ்-டாட்-இன்ட்ல் என்ற வடிவம்தான் சரி, அதில் ஞாயிறு மட்டும் விடுமுறை என்று குறிக்கலாம்.

பணத்தையும் அதே ஷீட்டில் சேர்த்துவிடுங்கள். 60,000 × ₹230 = ₹1.38 கோடி. 5% லாபம் என்றால் ₹6.9 லட்சம். தாமதமாகிக் கால்வாசி, அதாவது 15,000 உருப்படி விமானத்தில் போனால்? பெட்டியோடு உருப்படிக்கு 0.19 கிலோ, மொத்தம் 2,850 கிலோ, கிலோவுக்கு ₹250 வைத்தால் ₹7,12,500. லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் கொஞ்சம். இந்த ஒரு வரியை ஷீட்டின் மேலே பெரிய எழுத்தில் வையுங்கள். "50 சதவீதமா, 60 சதவீதமா" என்ற வாதம் அதற்குப் பிறகு வேறு தொனியில் நடக்கும்.

கணக்காளருக்கும் ஒரு கட்டம் உண்டு. பையர் பணம் 60 நாளில்தான் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரின்டிங், டையிங் யூனிட்டுகள் மைக்ரோ அல்லது சிறு நிறுவனங்களாகப் பதிவு செய்தவை என்றால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். 2023–24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி ஆண்டுக் கடைசியிலும் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் எடுக்கும் ஆர்டருக்கு "மார்ச் 31-ல் கொடுக்காமல் நிற்கும் ஜாப் ஒர்க் பில் எவ்வளவு" என்ற எண் முடிவையே மாற்றலாம். மெர்ச்சண்டைசருக்கு இது தெரியாது. தெரிய வேண்டும் என்றும் இல்லை. ஷீட்டில் இருந்தால் போதும்.

மீட்டிங்

நேரம் முடிந்ததும் எண்களைத் திறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), குறைந்தது, அதிகம் மூன்றையும் போடுங்கள். சராசரி வேண்டாம், ஒருவர் பயத்தில் 40 நாள் என்று போட்டால் சராசரி அவரோடு போய்விடும். குறைந்ததற்கும் அதிகமானதற்கும் இடைவெளி மீடியனில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் பேசவே வேண்டாம், மீடியனை எடுத்துக்கொண்டு நகருங்கள். அதைத் தாண்டியதற்கு மட்டும் நிறம் போடுங்கள். வால்மார்ட் போன்ற பெரிய கடைகளும் அவற்றுக்குச் சரக்கு தருபவர்களும் 1990-களின் பிற்பகுதியிலிருந்து விற்பனை முன்கணிப்பை இப்படித்தான் ஒப்பிட்டார்கள்: இரண்டு பேர் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில், முன்பே ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் விலகினால் மட்டும் பேச்சு. 15 என்பது ஆரம்பத்துக்கு. இரண்டு மாதத்தில் உங்களுக்கு ஏற்றது எது என்று தெரிந்துவிடும்.

நிறம் விழுந்த எண்ணுக்கு, அதிகம் சொன்னவர் முதலில் பேசட்டும், அடுத்து குறைவாகச் சொன்னவர், நடுவில் இருப்பவர்கள் கடைசியில். "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்" என்பதை விட்டு "உங்களுக்குத் தெரிந்து எங்களுக்குத் தெரியாதது என்ன" என்று கேளுங்கள். கூட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமே மறுபடி மறுபடி பேசப்படும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகும். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. டையிங்குக்கு 20 நாள் போட்ட கொள்முதல்காரருக்கு, அந்த யூனிட்டில் ஒரு மெஷின் பழுதில் நிற்கிறது என்ற செய்தி தெரிந்திருக்கலாம். பேசி முடித்ததும், பதிலைத் திருத்தும் வசதியை ஆன் செய்து, அதே ஃபார்மை இன்னொரு முறை திறவுங்கள். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் மாற்றலாம். மூன்றாவது சுற்று வேண்டாம். அது வந்தால் களைப்பில் ஒத்துப்போவார்கள்.

இதற்குப் பிறகு வாக்கெடுப்பு கிடையாது. முடிவு ஒருவருடையது, அவர் பெயர் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் எண்ணும் காரணமும் கொடுப்பவர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: தரக்கட்டுப்பாடும் சட்ட விதிகளும். பையர் கேட்கும் சான்றிதழ் இல்லாத டையிங் யூனிட் என்றால், மற்ற ஐந்து பேரும் ஒத்துக்கொண்டாலும் தரக்கட்டுப்பாட்டுக்காரர் நிறுத்தலாம் என்று எழுதி வையுங்கள்.

முடிவுப் பதிவேடு

உங்கள் "நான் சொல்லவே இல்லை" தகராறு தீரும் இடம் இது. தனி ஷீட், ஒரு முடிவுக்கு ஒரு வரி. எண், தேதி, கேள்வி, எடுத்த வழி, விட்ட வழிகள், அடிப்படையாக வைத்த மூன்று எண்கள், ஒத்துக்கொள்ளாதவர் யார், ஏன், முடிவெடுத்தவர். இவை எல்லோரும் வைப்பது. பெரும்பாலும் விட்டுப்போவது கடைசிக் கட்டம்: எது எவ்வளவு மாறினால் இந்த முடிவை மறுபடி திறப்போம்?

நம் ஆர்டருக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

"முடிவு 47. வழி (ஈ): 45,000 உள்ளே, 15,000 ஜாப் ஒர்க். அடிப்படை: எஃபிஷியன்சி 52%, டையிங் 13 நாள், லேப் டிப் ஒப்புதல் 10-ஆம் நாள். மாற்றுக் கருத்து: தரக்கட்டுப்பாடு, ஜாப் ஒர்க்கில் பிரின்ட் இடம் மாறும் என்ற கவலை; அதற்குப் பதில்: பிரின்ட் முடித்த பீஸ்தான் வெளியே போகும். மறுபடி திறக்க: 12-ஆம் நாள் வரை லேப் டிப் ஒப்புதல் வராவிட்டால், தையல் தொடங்கி ஐந்தாம் நாள் எஃபிஷியன்சி 47 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்."

அந்தக் கடைசி வரி இருந்தால், 12-ஆம் நாள் மெர்ச்சண்டைசர் வந்து "ஒப்புதல் வரவில்லை" என்று சொல்வது குறை சொல்வதாக ஆகாது; ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலையாகிவிடும். அந்தத் தேதியைக் கூகுள் காலண்டரில் ஆறு பேருக்கும் போட்டுவிடுங்கள். பதிவேட்டில் போட்டுவிட்டுக் காலண்டரில் போடாதது போடாததற்குச் சமம்.

ஷிப்மென்ட் முடிந்ததும் அதே வரியில் உண்மையான எண்களை எழுதுங்கள். பத்து ஆர்டர் சேர்ந்தபின் நடந்ததை மதிப்பீட்டால் வகுத்துப் பாருங்கள். டையிங்குக்கு 12 நாள் சொல்லிச் சொல்லி 15 நாள் ஆகிறது என்றால் விகிதம் 1.25. அடுத்த முறை அவர் 12 சொன்னால் 15 என்று எடுத்துக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். இந்த எண்ணை மட்டும் இன்சென்டிவோடு கட்டிவிடாதீர்கள். கட்டினால் அடுத்த மாதமே எல்லோரும் இரண்டு வாரம் சேர்த்துச் சொல்லத் தொடங்குவார்கள், மெர்ச்சண்டைசர் அதை அறிந்து இரண்டு வாரம் வெட்டுவார், பதிவேடு வெறும் பேரம் ஆகிவிடும்.

ஷீட் கெட்டுப்போகும் வழிகள்

முதலிடம் பொது லாகினுக்கு. "மெர்ச்" என்று ஒரே ஜிமெயில், நாலு பேர் அதில் வேலை. வெர்ஷன் ஹிஸ்டரியில் (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) எல்லா மாற்றமும் ஒரே பெயரில் விழும். யார் 27-ஐ 23 ஆக்கினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கொரு கணக்கு, செலவானாலும். அடுத்தது, ஷீட்டின் உரிமையாளர் போன வருஷம் வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த ஜிமெயிலாக இருப்பது. இன்றைக்கே உங்கள் முக்கிய ஷீட்டுகளின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். கம்பெனியின் ஒர்க்ஸ்பேஸில் ஷேர்டு டிரைவ் வைத்தால் கோப்பு கம்பெனிக்குச் சொந்தம், ஆள் போனாலும் நிற்கும். எல்லாப் பிளானிலும் இது கிடையாது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி இன்னொரு பொறி. ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்ற செட்டிங்) அமெரிக்கா என்று இருந்தால் 05/08 என்பது மே 8. நீங்கள் ஆகஸ்ட் 5 என்று போட்டீர்கள். ஃபைல் செட்டிங்கில் இந்தியா என்று மாற்றுங்கள், அப்படியும் தேதியை 05-ஆக-2025 போல மாதப் பெயரோடு காட்டும் வடிவில் வையுங்கள்.

ஒருவர் ஃபில்டர் போட்டால் மற்ற ஐந்து பேருக்கும் வரிகள் மறையும். "என் ஆர்டரைக் காணோம்" என்ற போன் அதனால்தான். மற்றவர்கள் பார்ப்பதை மாற்றாத ஃபில்டர் வியூ பயன்படுத்தச் சொல்லுங்கள். சூத்திரம் உள்ள செல்களை ப்ரொடெக்ட் செய்யுங்கள். அது கை தவறி அழிவதைத்தான் தடுக்கும், பார்ப்பதையோ நகலெடுப்பதையோ தடுக்காது. விலை, லாபம் உள்ள தாளை மறைத்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், தனிக் கோப்பாக வையுங்கள். மீட்டிங் முடிந்ததும் அந்த நிலைக்கு "முடிவு 47" என்று வெர்ஷனுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். பிறகு யார் எதை மாற்றினாலும் முடிவெடுத்த நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்பது நிற்கும்.

"உற்பத்தி" என்ற சொல்லையும் கவனியுங்கள். தையல் சூப்பர்வைசருக்கு அது லைனைவிட்டு இறங்கியது. செக்கிங்குக்கு அது தேறியது. பேக்கிங்குக்கு அது பெட்டிக்குள் போனது. ஒரே நாளில் 2,300, 2,150, 1,900 என்று மூன்று எண்ணும் வரும், மூன்றும் உண்மை. எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஷீட்டின் முதல் தாளில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். லட்சம் செலவழித்து டாஷ்போர்டு போட்ட இடங்களிலும் சண்டை நடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

சூப்பர்வைசர்களைச் சேர்ப்பது

எஃபிஷியன்சி பற்றி உண்மை தெரிந்தவர்கள் லைன் சூப்பர்வைசர்கள். அவர்களுக்கு ஷீட் அனுப்பினால் திறக்க மாட்டார்கள். தமிழில், மூன்று கேள்விக்கு மிகாத ஃபார்ம், எண் மட்டும் ஏற்கும் கட்டம், கியூ.ஆர். கோடாக லைன் முனையில் ஒட்டிவிடுங்கள். "இந்த ஸ்டைலுக்கு உங்கள் லைனில் நாளுக்கு எத்தனை பீஸ் வரும்?" என்று கேளுங்கள், எஃபிஷியன்சி சதவீதம் கேட்காதீர்கள். பீஸ் அவர்கள் மொழி, சதவீதத்தை ஷீட் கணக்கிட்டுக்கொள்ளும்.

மதிப்பெண் அட்டவணை

டையிங் யூனிட் தேர்வு, இ.ஆர்.பி. (கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைக்கும் மென்பொருள்) தேர்வு போன்றவற்றுக்கு அளவுகோல், எடை, மதிப்பெண் என்று அட்டவணை போடுவார்கள். போடலாம், ஆனால் கட்டாயத் தேவைகளை அதற்குள் கலக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி, பையர் கேட்கும் சான்றிதழ் இவற்றுக்கு ஆம், இல்லை மட்டும். இல்லை என்றால் பட்டியலிலேயே இல்லை. இவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தால், அனுமதி இல்லாத யூனிட் விலையில் 10-க்கு 10 வாங்கி முதலிடத்துக்கு வந்துவிடும். எடைகளை யூனிட்டுகளின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து பூட்டுங்கள். விலையையும் கிரெடிட் நாட்களையும் தனித்தனியாக வைத்தால் பணத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளரின் ஏ.எச்.பி. முறையில் அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடையைக் கணக்கிடலாம். பதில்கள் தமக்குள் முரண்பட்டால், அதன் முரண்பாட்டு விகிதம் 0.10-ஐத் தாண்டிக் காட்டிக்கொடுக்கும். நாலைந்து கோடி முதலீட்டுக்கு அது சரி. டையிங் யூனிட்டுக்கு அவ்வளவு வேண்டாம்.

இ.ஆர்.பி., செயற்கை நுண்ணறிவு

இ.ஆர்.பி. என்ன நடந்தது என்று சொல்லும்: எவ்வளவு நூல் வந்தது, எவ்வளவு பில் நின்றது. ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதற்கு அதில் பெரும்பாலும் இடமே இருக்காது. உங்களிடம் இருந்தால், அதிலிருந்து தினமும் எண்களை ஷீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டை அதற்குள் திணிக்க முயல வேண்டாம். இன்னொரு விஷயம், நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் அணைக்க முடியாத திருத்த வரலாறு கட்டாயம். அது கணக்குப் புத்தகத்துக்கு மட்டும், உங்கள் ஷீட்டுக்கு அல்ல. ஆனால் அதே ஒழுங்கை இங்கும் வைத்தால் கணக்காளருக்குப் பழக்கமான வழிதான்.

மீட்டிங்கைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் கருவிகள் இப்போது நிறைய. நம் மீட்டிங் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், பின்னணியில் மெஷின் சத்தம். பிஃப்டீன் தவுசண்டும் பிஃப்டி தவுசண்டும் அதற்கு ஒன்றாகக் கேட்கலாம். விவாதச் சுருக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணையும் தேதியையும் மனிதர் கையால் பதிவேட்டில் போடட்டும். பையரின் விலை, ஸ்டைல் விவரங்கள் உள்ள உரையாடலை இலவசக் கணக்கில் ஏற்றும் முன் பையரோடு போட்ட ரகசிய ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

எல்லா ஆர்டருக்கும் இதைச் செய்ய வேண்டாம். அதே பையர், அதே ஸ்டைல், 5,000 பீஸ் ரிப்பீட் என்றால் மெர்ச்சண்டைசரே முடிவு செய்து பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் போதும். புதிய பையர், ஒரு மாதத் தையல் கெப்பாசிட்டியில் பாதிக்கு மேல் பிடிக்கும் ஆர்டர், புதிய துணி அல்லது பிரின்ட் வகை, பண்டிகையைத் தாண்டிப் போகும் தேதி: இந்த நான்கில் ஒன்று இருந்தால் மட்டும் ஃபார்ம் போகட்டும். ஃபார்ம் தயாரிக்க அரை மணி நேரம், நிரப்ப ஆளுக்குப் பத்து நிமிடம், மீட்டிங் நாற்பது நிமிடம். அதற்கு மேல் போகிறது என்றால் கேள்விகளைக் குறையுங்கள்.